கடைசிக் கட்டம்

ஸ்ரீரங்கம்
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. உன் மகள் பாப்பாவின் வளைகாப்பு நல்லபடியாக நடந்ததைப் படித்து மனசு நிறைந்துபோயிற்று. முழங்கால் படுத்திய பாட்டில் என்னால் வர முடியாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. பிரசவத்துக்கு நிச்சயம் வருவேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுத்தாயிற்று.

குறுக்கெழுத்துக்கு வருகிறேன். ‘ஆறுகள் சிறப்புப் புதிராம். எனக்குப் பிடித்தது, நீ போட்டுப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொல்’ என்று எழுதியிருந்தாய். அன்று ராத்திரியே போட்டுவிட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை, வசந்தி. ஹாஸ்டல் வாசகசாலையில் ஒரே பேப்பரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சண்டை போட்ட காலத்திலிருந்து இந்த ஒரு விஷயத்தில் நாம் முகத்துக்காகப் பேசியதில்லை. அதனால் காரணத்தோடு எழுதுகிறேன்.

‘தஞ்சையை வளப்படுத்தும் நதி’, ‘மதுரை வழியாக ஓடும் நதி’ என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். இது பள்ளிக்கூடத்துப் புவியியல் கேள்வித்தாள். விடைகள் எல்லாம் ஒரே இனமாக இருந்துவிட்டால் அது சிறப்புப் புதிர் ஆகிவிடாது. இரண்டு மூன்று விடை விழுந்ததும் மிச்சக் குறிப்புகளை நாம் படிக்கிற விதமே மாற வேண்டும். அதே ஆறுகளை வைத்தே செய்திருக்கலாம். ‘கை வை, ஆனால் வரிசையை மாற்றி (2)’ என்றால் வைகை. ‘சோலையை விரி (3)’ என்றால் காவிரி. ‘அரை டஜனுக்கு முன் பசு தருவது (3)’ என்றால் பாலாறு. ‘மணமேடைக்கு யாரை அழைத்துவரச் சொல்கிறார் சாஸ்திரிகள்? (3)’ என்றால் பெண்ணை. ஒரு குறிப்பில்கூட நதி என்ற பேச்சே இல்லை பார். வைகையும் காவிரியும் விழும்வரை ஒன்றும் தெரியாது. பாலாறு விழுந்ததும், ‘அடடா, எல்லாமே ஆறா!’ என்று ஒரு வெளிச்சம். அதற்கப்புறம் பெண்ணைக் குறிப்பு தானாகவே பல்லைக் காட்டிவிடும். அந்த வெளிச்சத்துக்காகத்தானே பேனாவை எடுக்கிறோம்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. மூன்று இடத்தில் ‘குழம்பியிருக்கிறது’ என்று போட்டு, விடையின் எழுத்துகளைக் கலைத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று கேட்டால் ஒத்துக்கொள்கிறேன். அது நம் பத்திரிகைப் புதிர்களில் பல காலமாக இருக்கிற வழக்கம், வரிசை தலைகீழானாலும் வரிசைதான். எழுத்துகளைக் கலைத்துப் போட்டுவிட்டால் எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று போடுகிறவளுக்கு எப்படித் தெரியும்? மேலிருந்து வருகிற விடை தெரிந்தால்தான் இதை நிரப்ப முடியும், இது தெரிந்து அதற்கு உதவி கிடைக்காது. ஒரு சொல் இன்னொன்றுக்குக் கை கொடுப்பதால்தான் இதற்குப் பெயரே குறுக்கெழுத்து. அதே மாதிரி இடது கீழ் மூலையில் ஒரு பழைய நடிகையும் ஒரு வெளிநாட்டு மந்திரியும் ஒரே எழுத்தில் குறுக்கிடுகிறார்கள். இரண்டும் தெரியாதவளுக்கு அந்தக் கட்டம் வெறும் குருட்டு யோசனை. செய்தவர் அங்கே சிக்கிக்கொண்டு கிடைத்ததைப் போட்டு அடைத்துவிட்டார்.

இவ்வளவு கறாராகப் பேசுகிறேனே என்று நினைப்பாய். போன வாரம் வேறொரு புதிர் போட்டேன், அந்த மயக்கம் தீரவில்லை. மருமகன் எனக்கு நியூயார்க் டைம்ஸ் குறுக்கெழுத்துக்குச் சந்தா கட்டிக் கொடுத்திருக்கிறார். பழைய வருஷத்துப் புதிர்களையும் எடுத்துப் போடலாம். 1996 நவம்பர் 5, செவ்வாய்க்கிழமைப் புதிரை எடுத்தேன். அன்றைக்கு அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல், கிளின்டனுக்கும் பாப் டோலுக்கும் போட்டி. செய்தவர் ஜெரமையா ஃபாரெல், இண்டியானாபொலிஸில் பட்லர் பல்கலைக்கழகத்தில் கணக்குப் பேராசிரியராக இருந்தவர்.

பதினைந்துக்குப் பதினைந்து கட்டம். நடு வரிசையில் குறிப்பு இப்படி: நாளைய பேப்பரின் முதல் செய்தி. ஏழு கட்டம், ஒரு கறுப்பு, மறுபடி ஏழு கட்டம். பின்பாதி ‘எலெக்டெட்’. முன்பாதி யார்? யார் ஜெயித்தார் என்பது எனக்குத் தெரியுமே, கிளின்டன் என்று எழுதிவிட்டேன். அதன் முதல் எழுத்திலிருந்து கீழே இறங்குகிற சொல்லுக்கு ‘ஹாலோவீன் சமயத்துக் கறுப்புப் பிராணி’ என்று குறிப்பு. அங்கே முன்னாலேயே ‘பேட்’, வௌவால் என்று எழுதியிருந்தேன். இடிக்கிறதே என்று அழித்துவிட்டு ‘கேட்’, பூனை என்று மாற்றினேன். ‘தையல் கடையில் வாங்குவது’ என்பதற்கு ‘யார்டு’, கெஜம் என்று எழுதியிருந்தேன். அதையும் அழித்து ‘யார்ன்’, நூல் என்று மாற்றினேன். எல்லாம் முடிந்து பெட்டி நிரம்பியபிறகுதான், நான் அழித்தது ஏன் இரண்டு தடவையும் அவ்வளவு பொருத்தமாக இருந்தது என்று மனசு அரித்தது. ‘பாப் டோல்’ என்று எண்ணிப் பார்த்தேன். இங்கிலீஷில் அதுவும் ஏழு எழுத்து!

ஏழு கட்டத்திலும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், வசந்தி. ஏழிலும் இரண்டு எழுத்தும் பொருந்துகிறது, கீழே இறங்குகிற ஏழு சொல்லும் இரண்டு விதமாகவும் சரியான சொல், ஏழு குறிப்பும் இரண்டுக்கும் நேர். நான் அழித்தவை தப்பே இல்லை. ‘டிரம்பெட்’ என்று ஒரே சொல்லில் ஒரு குறிப்பு. ‘போஸ்ட்’ என்றாலும் சரி, ‘பிளாஸ்ட்’ என்றாலும் சரி, பெருமை அடித்துக்கொள்வதும் பலமாக ஊதுவதும். நாம் தம்பட்டம் அடிப்பது என்கிறோமே, அந்த ஒரு சொல்லுக்குள்ளும் இந்த இரண்டு வேலையும் இருக்கிறது! ‘தாங்கிப் பிடிப்பது, சுருக்கமாக’ என்று இன்னொன்று. வயதான காலத்துக்குச் சேர்க்கிற சேமிப்புக் கணக்கின் மூன்றெழுத்துச் சுருக்கமும் சரி, பெண்கள் அணிகிற உள்ளாடையும் சரி. இதைப் படித்து ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

ஒன்றே ஒன்றுதான் கொஞ்சம் தளர்வு. ‘பிரெஞ்சு முதல் பாடத்துச் சொல்’ என்று ஒரு குறிப்பு. விடை ‘உவி’, ஆமாம் என்றாலும் ‘லுயி’, அவனுக்கு என்றாலும் பொருந்தும், ஆனால் பிரெஞ்சில் இன்னும் நூறு சொல்லுக்குப் பொருந்தும். மற்ற ஆறு இருக்கிற அழகில் அதை மன்னித்துவிடலாம். மேலே பதினைந்து எழுத்தில் முன்னறிவிப்பு என்று பொருள்படும் சொல், கீழே பதினைந்து எழுத்தில் ‘மிஸ்டர் பிரெசிடென்ட்’. மூன்று வரிசையும் ஒரே செய்தியைத் தாங்கி நிற்கின்றன. யாரையும் குழப்பிப் போடவில்லை, எந்த மூலையையும் அடைத்து ஒப்பேற்றவில்லை.

அன்றைக்கு வாசகர்கள் பலர் கோபப்பட்டார்களாம், ஓட்டு எண்ணும் முன்பே கிளின்டன் ஜெயித்ததாகப் பேப்பர் எப்படிச் சொல்லலாம் என்று. பாப் டோல் என்று எழுதியவர்களுக்கோ பேப்பர் தப்பாகக் கணித்துவிட்டது என்று குறை. தங்கள் விடை ஒன்றுதான் விடை என்று இரண்டு பக்கமும் நம்பியிருக்கிறார்கள். புதிர்ப் பகுதி ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் தனக்கு மிகப் பிடித்த புதிர் இதுதான் என்று சொல்லியிருக்கிறார். 1980 தேர்தலுக்கே ஃபாரெல் கார்ட்டர், ரீகன் இருவர் பெயரையும் வைத்து இப்படி ஒன்று செய்து அனுப்பினாராம், இரண்டும் ஆறு எழுத்து. அப்போதைய ஆசிரியர், மூன்றாவதாக நின்ற ஆண்டர்சன் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்று திருப்பிவிட்டார். பதினாறு வருஷம் ஒரு யோசனையை விடாமல் வைத்திருந்த மனுஷன் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கும் ஓர் ஆசை. தமிழில் ஒரு கட்டமாவது இப்படிச் செய்ய வேண்டும், அதுவும் உனக்காக. ‘உனக்குப் பிறக்கப்போவது’ என்று வைத்து, பேரன், பேத்தி இரண்டும் மூன்றெழுத்து என்று ஆரம்பித்தேன். முதல் எழுத்து பே, இரண்டுக்கும் பொது. இரண்டாவது கட்டத்திலேயே சிக்கிக்கொண்டேன். அங்கே ரகரமும் வர வேண்டும், தகர ஒற்றும் வர வேண்டும். அசல் தமிழ்ச் சொல்லில் த் வந்தால் அடுத்து தகர வரிசையில் ஓர் எழுத்துதான் வந்தாக வேண்டும், த்-தில் முடிகிற சொல்லும் நம்மிடம் கிடையாது. மூன்று நாள் முட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ்காரர்களுக்கு ஓர் எழுத்து அடுத்த எழுத்தை இப்படிக் கையைப் பிடித்து இழுப்பதில்லை. நம் புள்ளி எழுத்து இழுக்கிறது. தமிழில் கட்டம் கட்டுகிறவர்களின் கஷ்டம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அந்த ஆற்றுப் புதிர்க்காரரின் மூலையைப் பற்றி மேலே எழுதியதைக் கொஞ்சம் தணித்துப் படித்துக்கொள். குழம்பியதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அப்புறம் பாப்பாவின் பக்கமிருந்து யோசித்தேன். மகன், மகள். கடைசி எழுத்து மட்டும்தான் வேறு, ன், ள். மேலிருந்து இறங்கி அதில் முடிகிற மாதிரி இரண்டெழுத்துச் சொல் வேண்டும், குறிப்பு இரண்டுக்கும் நேராக வேண்டும். நான், நாள், வான், வாள் என்று பார்த்துக்கொண்டே வந்து நேற்று சமையலறையில் நின்றபோது கிடைத்தது: ‘பாறை இடுக்கில் கையை விட்டால் அகப்படலாம் (2)’. தேன் என்றாலும் சரி, தேள் என்றாலும் சரி. ஃபாரெலுக்கு ஏழு கட்டம், எனக்கு ஒன்று. அந்த ஒன்று சுத்தமாக நிற்கிறது.

ஏழுக்கு ஏழு கட்டமாக முழுப் புதிரும் இத்துடன் வைத்திருக்கிறேன். தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடத்தில்தான் இருக்கும், சரிபார்த்துவிட்டேன். பாப்பாவும் நீயும் உட்கார்ந்து போடுங்கள். எங்கேயாவது குறிப்பு வளைந்திருந்தால் பென்சிலால் குறித்து வை, நான் வந்ததும் சண்டை போடலாம். நடு வரிசையின் கடைசிக் கட்டத்தை மட்டும் நிரப்பாதே. அதைப் பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எழுதட்டும்.

உன்
கமலா