அம்மாவைத் தூக்கி வந்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

அம்மா இப்போது கோலூன்றி வாசல் வரை நடக்கிறார். பேச்சு தெளிந்துவிட்டது; வலது கைதான் இன்னும் சரியாக வரவில்லை. கடைத்தெருவிலும் கோயிலிலும் நிறுத்தி விசாரிக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல்.

பக்கவாதம் வந்தது விடியற்காலையில். எங்கள் மாடிவீட்டில் லிஃப்ட் கிடையாது. அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பழைய சேலையால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, நான்கு பேர் படியிறக்கினார்கள். இரண்டு பேர் எங்கள் அன்பியத்து, அதாவது பங்கின் அக்கம்பக்கச் செபக்குழுவின், பிள்ளைகள். ஒருவர் முனீஸ்வரர் கோயில் பூசாரி அண்ணன். நான்காமவர் நாங்கள் பாக்சிக் என்று அழைக்கும் கீழ்வீட்டு மலாய்ப் பெரியவர். சுபுஹ் தொழுகைக்குக் கிளம்பியவர், சொங்கோக் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியின் முன்காலைப் பிடித்துக்கொண்டார்.

மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் வருபவர்களும் நான்கு பேர்தான். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்து, முடக்குவாதமுற்றவரைப் படுக்கையோடு இயேசுவின் முன் இறக்குகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு இயேசு பேசுகிறார். படுத்திருந்தவர் வாய் திறந்து எதுவும் கேட்டதாக அங்கே ஒரு வரிகூட இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட பகுதி. ஈப்போ ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அது எனக்குள் இறங்கியது. அங்கே எனக்குச் செபமே வரவில்லை. செபமாலை கையில் இருந்தது, விரல் நகரவில்லை. அதே நேரத்தில் இங்கே அன்பியத்தார் கூடி அம்மாவுக்காக மாலை தோறும் செபித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மாவோடு சேர்த்து என்னையும் சுமந்தீர்கள்.

அம்மா வீடு திரும்பிய பிறகு வேறொரு சோதனை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர், லயத்தில் எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்க்கப் போய் நின்றவர், அடுத்தவர் தன்னைக் குளிப்பாட்டுவதை ஏற்கவே மாட்டேன் என்றார். தன் காலைக் கழுவ வந்த ஆண்டவரைப் பேதுருவும் அப்படித்தானே தடுத்தார்? கொடுக்கிற கைக்குப் பழகிவிட்டால், வாங்குவதற்கு மனம் குறுகிப்போகிறது. தாழ்மையில் இதுதான் கடினமான பகுதி என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா வாதாடவில்லை. வெந்நீர் வாளியைக் கட்டிலடியில் வைத்து, தரையில் உட்கார்ந்து, அம்மாவின் பாதத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார். அப்புறம் அம்மாவே அவரைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

மளிகைக் கணக்கை இன்று வரை கேட்காத கடைக்காரத் தவுக்கே, நோயிற்பூசுதல் என்னும் திருவருட்சாதனம் கொடுக்க ஈப்போவுக்கே வந்த பங்குத்தந்தை, கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த தாதியர், உங்களுக்கும் நன்றி. பூசாரி அண்ணன் குடும்பம் ஜூலை 26 அன்று புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய், அம்மாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு போத்தலில் தீர்த்தமும் கொண்டுவந்தார்கள். அவர்கள் வேண்டியதும் எங்கள் ஆண்டவருக்குக் கேட்டிருக்கும்.

யார் பெயரையும் எழுதவில்லை. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டீர்கள்.

வரும் ஞாயிறு காலைத் திருப்பலி நன்றித் திருப்பலியாக ஒப்புக்கொடுக்கப்படும். முடிந்ததும் எங்கள் வீட்டில் பசியாற வாருங்கள். தோசைக்குச் சம்பல் தானே அரைக்கப்போவதாக அம்மா சொல்லியிருக்கிறார், இடது கையால். பாக்சிக் குடும்பத்துக்குத் தனிப் பாத்திரத்தில், ஹலால் கடைச் சாமான்களோடு சமையல்.

அன்புடன்,
மகள்