வாரண்டிக்குள் சொல்லியும் பார்க்காமல் விட்ட பிரேக் கோளாறு

அனுப்புநர்:
குன்னூரில் வசிக்கும் தங்கள் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, வண்டியின் பதிவெண், சேசிஸ் எண் ஆகியவை தனித்தாளில்)

பெறுநர்:
தலைமை அதிகாரி,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
தலைமை அலுவலகம்

நாள்: 10.11.2025

பொருள்: வாரண்டி காலத்துக்குள் இருமுறை எழுத்தில் தெரிவித்த பிரேக் கோளாறைக் கவனிக்காமல் விட்டு, வாரண்டி முடிந்தபின் மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியே சக்கரங்களின் பிரேக்குக்கு அனுப்பும் பாகம்) மாற்றக் கட்டணம் வசூலித்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 2022 ஆகஸ்ட் 12 அன்று உங்கள் கோயம்புத்தூர் ஷோரூமில் மின்சாரக் கார் வாங்கினேன். மூன்று ஆண்டு வாரண்டி 2025 ஆகஸ்ட் 11-இல் முடிந்தது. இதுவரை 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு சர்வீஸைக்கூட வெளியில் செய்ததில்லை. 2024 ஆகஸ்டில் பிரேக் ஆயில் மாற்றியதும் உங்கள் சர்வீஸ் சென்டரில்தான். அந்த பில்லும் இணைப்பில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறேன்.

இந்த ஆண்டு மே மாதத்தில்தான் முதலில் கவனித்தேன். குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து பேருந்து நிலையத்துக்கு இறங்கும் சாலையில் நெரிசலில் நிற்கும்போது, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே இருந்தும் பெடல் மெல்ல மெல்லக் கீழே போனது. வண்டி ஒரு சாண் முன்னே நகர்ந்தது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பெடல் பழைய உயரத்துக்கு வந்து நிற்கும். அரை நிமிடத்தில் மறுபடி இறங்கும். மே 24, சனிக்கிழமை, கோயம்புத்தூருக்கு வந்து சர்வீஸ் அட்வைசரிடம் இதைச் சொன்னேன். "வண்டி நிற்கும்போது பிரேக் பெடல் தானாக இறங்குகிறது" என்று ஜாப் கார்டில் என் கையாலேயே எழுதினேன்.

அவர் சென்டருக்கு முன்னாலிருக்கும் சமதளச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "மேடம், இது எலெக்ட்ரிக் வண்டி. ரீஜென் இருக்கிறதால பெட்ரோல் வண்டி மாதிரி பிரேக் இருக்காது. பழகிடும்" என்றார். பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவையும் காட்டினார். "பாருங்க, ஆயில் ஒரு சொட்டுகூடக் குறையலை. லீக் இருந்தா குறைஞ்சிருக்குமே." ஜாப் கார்டில் "கோளாறு இல்லை, மின்சார வண்டியின் இயல்பு" என்று எழுதி மூடிவிட்டார்கள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அதனால் அன்றே அவரிடம் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். ரீஜென் என்பது ஓடுகிற சக்கரம் மோட்டாரைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்கும் வேலை. சக்கரம் நின்றுவிட்டால் அங்கே உண்டாக்க ஒன்றுமில்லை. வேகம் மிகவும் குறையும்போதே அதன் பிடி தளர்ந்துவிடும். வண்டியை முழுதாக நிறுத்துவதும், சரிவில் நகராமல் பிடித்து வைப்பதும் ஆயில் பிரேக்கின் வேலை. ஆகவே நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பெடல் இறங்குவதற்கு ரீஜென்னைக் காரணம் சொல்லவே முடியாது. வண்டியை ஆன் செய்யும் நொடியில், மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டர் உயிர்பெற்றுப் பெடல் சற்றே இறங்குவது இயல்பு என்பதும் எனக்குத் தெரியும். நான் சொன்னது அதுவல்ல.

ஆயில் குறையவில்லை என்பதும் கோளாறு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டனோடு சேர்ந்த ரப்பர் கப் தேய்ந்தாலோ உப்பினாலோ, அழுத்தப்பட்ட ஆயில் கப்பைத் தாண்டிப் பின்பக்கம் வழுகிப்போகும். வெளியே ஒரு சொட்டு வராது, டப்பாவில் அளவும் மாறாது. பெடல் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். மெதுவாக அழுத்தினால் அதிகம் இறங்கும். சட்டென்று மிதித்தால் கப் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உங்கள் அட்வைசர் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. வண்டியை நிறுத்தி, பெடலை மிதமாக அரை நிமிடம் அழுத்தி வைத்துப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

ஜூலை 19-இல் சர்வீஸுக்கு வந்தபோது மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். இம்முறை யாரும் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "முன்பே பரிசோதிக்கப்பட்டது" என்ற ஒரு வரி மட்டும். அன்றைக்கு வாரண்டி முடிய 23 நாட்கள் இருந்தன.

செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் மருத்துவப் பரிசோதனை இருந்ததால் மாலையே கிளம்பினோம். அம்மாவுக்கு 74 வயது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையை நீங்கள் அறிவீர்கள்: 14 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது விடுகிற ஆற்றல் சுமார் ஆறரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இந்தக் கணக்கை என் மாணவர்களுக்கு வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன். அதில் ஒரு பங்கு உராய்விலும் காற்றிலும் போகும். மீதியை ரீஜென் பேட்டரிக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்கவேண்டும். பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென்னுக்கு இடமில்லை என்பதால் மலையிறங்கும் நாளில் நான் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதே இல்லை. அன்றும் 78-தான் இருந்தது, ரீஜென்னை அதிகபட்சத்தில் வைத்திருந்தேன். என் பக்கம் செய்ய வேண்டிய எதையும் நான் விடவில்லை.

பர்லியார் தாண்டி ஒரு வளைவில் முன்னால் போன பேருந்து, எதிரே ஏறிவந்த லாரிக்கு வழிவிட நின்றது. ரீஜென் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தது. கடைசிக்கு நிறுத்தப் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டுவிட்டது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன், பாதியில் பிடித்தது, உடனே வழுகியது. மூன்றாவது முறை ஓங்கி மிதித்தபோதுதான் வண்டி நின்றது. பேருந்தின் பின்பக்கத்துக்கும் எங்களுக்கும் ஒரு கை இடைவெளி இருந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்தவர் கல்லாறு வரும்வரை விடவில்லை. பார்க்கிங் பிரேக்கைக் கையில் வைத்துக்கொண்டு நடை வேகத்தில் இறக்கி, மேட்டுப்பாளையத்தில் முதல் பட்டறையில் நிறுத்தினேன். அங்கிருந்த மெக்கானிக் பெடலை ஒருமுறை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். "மாஸ்டர் சிலிண்டர் கப் போயிருச்சுங்க டீச்சர். இதை இனி ஓட்டாதீங்க" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் சென்டர் இரண்டு தடவை வண்டியை உள்ளே எடுத்தும் கண்டுபிடிக்காதது இது.

வாரண்டியோடு சாலை உதவியும் முடிந்துவிட்டதால் டோயிங் வண்டிக்கு ரூ. 6,500 கொடுத்தேன். செப்டம்பர் 18-இல் உங்கள் சென்டரே மாஸ்டர் சிலிண்டரில் உட்கசிவு என்று எழுத்தில் தந்தது. பிறகு பாகம் வரக் காத்திருப்பு. தீபாவளியும் போனது. அக்டோபர் 24-இல் பாகம் வந்து, 28-இல் வண்டியைக் கொடுத்தார்கள். இடையில் அம்மாவை மூன்று முறை வாடகைக் காரில் அழைத்துப் போனதில் ரூ. 13,500 செலவு. மாற்று வண்டி கேட்டேன், இல்லை என்றார்கள்.

வேலையாவது சரியாக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. சென்டரை விட்டு வெளியே வந்தவுடனே பெடல் பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தது. துடியலூரில் வண்டியைத் திருப்பிவிட்டேன். புதுச் சிலிண்டரை வண்டியில் பொருத்துவதற்கு முன்பே மேசையில் வைத்து ஆயில் நிரப்பி ஏர் எடுக்க (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற) வேண்டும், பிறகு நான்கு சக்கரங்களிலும் எடுக்க வேண்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் ஸ்கேனரைப் பொருத்தி அதன் வால்வுகளை இயக்கித்தான் வெளியேற்ற முடியும். அந்தக் கடைசி வேலையை யாரும் செய்திருக்கவில்லை. நவம்பர் 1-ஆம் தேதி ஓர் இளம் டெக்னீஷியன் ஒன்றரை மணி நேரம் நின்று பொறுமையாகச் செய்து முடித்தார். இன்று பெடல் கல்போல் நிற்கிறது. அவர் வேலை தெரிந்தவர்; அவருக்கு என் நன்றி. ஆனால் முதல் நாளே செய்திருக்க வேண்டிய அந்த வேலைக்கு என்னிடம் தனியாக ரூ. 1,770 வாங்கினார்கள். பிரேக் ஆயில் சிந்தி இடது முன் ஃபெண்டரில் உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது பிரேக் வேலை செய்கிற எவருக்கும் தெரிந்ததுதான்.

பில்லுக்கு வருகிறேன். சிலிண்டர் விலை ரூ. 16,800, அதற்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 4,704. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம்தான். செப்டம்பர் 18-இல் போட்ட எஸ்டிமேட்டை அப்படியே அக்டோபர் 28-இல் பில்லாக அடித்திருக்கிறார்கள். வரியில் மட்டும் ரூ. 1,680 கூடுதல். வேலைக்கூலி வரியோடு ரூ. 4,956, பிரேக் ஆயில் வரியோடு ரூ. 1,062. ஆக மொத்தம் ரூ. 27,522.

எனக்கு இன்னும் பதில் கிடைக்காத கேள்வி பழைய சிலிண்டரைப் பற்றியது. பணம் கொடுத்து மாற்றிய பாகம் என்னுடையது, அதைக் கேட்டேன். "கம்பெனிக்கு அனுப்பிட்டோம் மேடம்" என்றார்கள். வாரண்டியில் சேராத பாகம் என்றால் அதை ஏன் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்? கம்பெனி கேட்டு வாங்கிப் பார்க்கிற அளவுக்கு அதில் ஏதோ இருக்கிறது என்றால், அது என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை, அந்த வண்டியில் அம்மாவை உட்காரவைத்து மலையிறங்கிய எனக்கு இல்லையா?

38,000 கிலோமீட்டரில், அதுவும் பிரேக் வேலையில் பெரும்பகுதியை ரீஜென்னே செய்யும் வண்டியில், ஒரு மாஸ்டர் சிலிண்டர் கப் இப்படிக் கெடக் கூடாது. கப் செய்யப்பட்டபோதே குறை இருந்திருக்கலாம். அல்லது தவறான எண்ணெய் கலந்து ரப்பர் உப்பியிருக்கலாம். பிரேக் ஆயிலில் மினரல் ஆயில் சிறிதளவு கலந்தாலே அப்படி ஆகும். முதலாவது என்றால் தயாரித்த உங்கள் பொறுப்பு. இரண்டாவது என்றால், பிரேக் ஆயிலைத் தொட்டது உங்கள் சர்வீஸ் சென்டர் மட்டுமே. மேலே 2024 பில்லைச் சொன்னது இதற்காகத்தான்.

ஆகவே நான் கேட்பது இது. கோளாறை நான் முதலில் எழுதிக் கொடுத்த நாள் மே 24. அதையே வாரண்டிக் கோரிக்கையின் தேதியாகக் கொண்டு ரூ. 27,522, ஏர் எடுக்க வாங்கிய ரூ. 1,770, டோயிங் ரூ. 6,500, வாடகைக் கார் ரூ. 13,500 ஆக ரூ. 49,292-ஐத் திருப்பித் தர வேண்டும். ஃபெண்டருக்கு உங்கள் செலவில் பெயிண்ட் அடித்துத் தர வேண்டும். பழைய சிலிண்டரைத் திருப்பித் தர வேண்டும், முடியாது என்றால் அதைப் பிரித்துப் பார்த்த அறிக்கையின் நகலைத் தர வேண்டும். மே ஜாப் கார்டில் எழுதிய "இயல்பு" என்ற முடிவும், அதையே நம்பி ஜூலை ஜாப் கார்டை மூடியதும் தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பணத்தைவிட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. அதே காலத்தில் தயாரான வண்டிகள் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். பெடல் இறங்குகிறது என்று சொல்லும் வேறு யாரையும் "எலெக்ட்ரிக் வண்டி இப்படித்தான்" என்று திருப்பி அனுப்பாமல், நிறுத்திய வண்டியில் அந்த அரை நிமிடச் சோதனையைச் செய்யச் சொல்லி எல்லா சர்வீஸ் சென்டர்களுக்கும் நீங்கள் உத்தரவு அனுப்ப வேண்டும். ரீஜென் நன்றாக இருப்பதாலேயே ஆயில் பிரேக் கெட்டிருப்பது பல நாள் வெளியில் தெரியாமல் போகும். இறுதியில் தெரியவரும் இடம் ஒரு வளைவாக இருந்துவிடக் கூடாது. அதே லாட்டில் வந்த சிலிண்டர்களில் குறை இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 110-ஏ பிரிவின்படி அவற்றைத் திரும்பப் பெறும் கடமையும் உங்களுக்கு உண்டு.

நவம்பர் 25-க்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வரவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உதகமண்டலத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாடிக்கையாளர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இரண்டு ஜாப் கார்டுகள், செப்டம்பர் 18 அறிக்கை, எல்லா பில்களின் நகல்கள், ஃபெண்டரின் புகைப்படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பள்ளி நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு தொலைபேசியில் பேசலாம். ஆனால் பேசியதையும் அன்றே எழுத்தில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்ன எதையும் இனி பதிலாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குன்னூர்