மாமோதீசாவுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை

அன்பு மகன் அஜினுக்கு,

குழந்தைக்கு மாமோதீசா (ஞானஸ்நானம்) பெல்ஜியத்தில், லூவனிலேயே வைத்துவிடலாம், பக்கத்துத் தெருவில் இருக்கிற லத்தீன் கோயில்தான் வசதி, "எல்லாம் கத்தோலிக்கம்தானே அப்பா" என்று எழுதியிருந்தாய். கத்தோலிக்கம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. மருமகள் ஷைனியும் கடற்கரைப் பிள்ளை, கோட்டார் மறைமாவட்டத்தில் லத்தீன் பூசை கண்டு வளர்ந்தவள். அவளுக்கு அதுதான் கைவந்த பழக்கம்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். எந்தக் கோயிலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதை வைத்துப் பிள்ளையின் சபை முடிவாவதில்லை. சட்டப்படி பிள்ளை அப்பாவின் சபையை, அதாவது சுறியானி (சிரியாக் மொழி) வழிபாடுள்ள நம் மலங்கரைக் கத்தோலிக்க சபையைச் சேரும். அப்பாவும் அம்மாவும் ஒரே மனதாகக் கேட்டால் அம்மாவின் சபையில் சேர்க்கலாம். நீங்கள் ஒன்றும் கேட்காமல் விட்டால், லத்தீன் அச்சன் ஊற்றினாலும் உன் மகள் மலங்கரைக்காரிதான். இன்னொன்று, நம் முறையில் மாமோதீசாவோடு சேர்த்தே மூரோன் (புனிதத் தைலம்) பூசிவிடுவோம். லத்தீன் முறையில் உறுதிபூசுதல் பிள்ளை வளர்ந்த பிறகுதான். இந்த விவரமெல்லாம் அங்கே உள்ள அச்சனிடம் கேட்டால் சொல்லித் தருவார். நான் எழுத உட்கார்ந்தது சன்னியாசிகளைப் பற்றி.

"நம்ம முறை என்று அப்படி என்ன இருக்கிறது?" என்று நீ கேட்டதற்கு, அவர்களைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. நம் சபையே ஒரு ஆசிரமத்திலிருந்து கிளம்பியதுதானே. எம்.ஏ. அச்சன் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் கூப்பிட்ட கீவர்கீஸ் அச்சன், கல்கத்தா பக்கம் செராம்பூர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், அதை விட்டுவிட்டு வந்து 1919-ல் ராந்நி பெருநாட்டு மலைக்காட்டில் பெதனி ஆசிரமத்தைத் தொடங்கினார். அவர்தான் பிறகு மார் இவானியோஸ். 1930 செப்டம்பர் 20-ஆம் தேதி கொல்லம் ஆயர் இல்லத்துச் சிற்றாலயத்தில், ஆர்த்தடாக்ஸ் சபையை விட்டு ரோமோடு இணைந்தபோது அவரோடு சேர்த்து மொத்தம் ஐந்து பேர். இரண்டு ஆயர்கள், ஒரு அச்சன், ஒரு டீக்கன், ஒரு விசுவாசி. பெருநாட்டு ஆசிரமம் ஆர்த்தடாக்ஸ் சபையிடமே நின்றுபோனது. இன்றும் அவர்களுடையதுதான். நிலமும் கட்டிடமும் கையை விட்டுப் போனாலும் அந்தியோக்கியா முறைச் சுறியானி ஜெபத்தை அவர்கள் விடவில்லை. ரோமுக்குப் போகிறோம், ஆனால் எங்கள் சுறியானி வழிபாட்டோடுதான் போவோம் என்பதுதான் பேச்சு. அன்று அவர்கள் பிடிவாதமாக நின்றதால்தான் நம் மார்த்தாண்டம் மறைமாவட்டத்தில் இன்று தமிழில் குர்பானா (பூசை) நடக்கும்போது நடுவில் 'குரியேலாய்சோன்' (ஆண்டவரே இரங்கும்) வருகிறது, திரைச்சீலை இழுக்கப்படுகிறது.

இப்போது நீ இருக்கிற நாட்டுக்கு வருகிறேன். நண்பர்களோடு ஷிமே பீர் குடிப்பதாக ஒரு ஃபோட்டோ போட்டிருந்தாய். (அம்மா பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை.) அந்த பீர் ஸ்கூர்மோன் என்ற டிராப்பிஸ்ட் மடத்துத் துறவிகளுடையது, சிஸ்டர்சியன் துறவிகளில் அவர்கள் கடுமையான ஒரு பிரிவு. 1850-ல் தொடங்கிய மடம், 1862-லிருந்து பீர் காய்ச்சுகிறார்கள். அந்த மடத்திலிருந்துதான் பிரான்சிஸ் மாஹியூ என்ற துறவி 1955-ல் இந்தியாவுக்கு வந்தார். முதலில் நம் குளித்தலை பக்கத்துத் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரைச் சாந்திவனம் ஆசிரமத்தில் கொஞ்சகாலம் இருந்தார். பிறகு திருவல்லா மலங்கரை ஆயர் கூப்பிட்டு அங்கே போனார். 1958-ல் ஒரு தோட்டக்காரர் கொடுத்த 88 ஏக்கர் மொட்டை மலையில், கேரளத்து வாகமண் பக்கம், குரிசுமலை ஆசிரமம் எழுந்தது. நம்ம வெள்ளறடைக் குருசுமலை என்று நினைத்துவிடாதே, அது வேறு. பிரான்சிஸ் ஆச்சாரியா என்று பேர் எடுத்தவர் இவர்தான். கூடவே இருந்த ஆங்கிலேயர் பீட் கிரிஃபித்ஸ் 1968-ல் சாந்திவனத்துக்குப் போய்விட்டார். ஆச்சாரியா கடைசிவரை அந்த மலையிலேயே இருந்து 2002-ல் இறந்தார்.

குரிசுமலைக்குப் போகிறவர்கள் காவித்துணியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். "கிழக்கத்தியத் துறவு" என்றால் காவி, தரையில் சம்மணம், சைவச் சாப்பாடு, ஓம் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. காவி நம் நாட்டுச் சன்னியாசத்திலிருந்து வந்தது, அதுவும் நல்லதுதான். ஆனால் அந்த மடத்தின் ஜெபம் சுறியானி. ராத்திரி லிலியோ, காலையில் சப்ரோ, மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, சாயங்காலம் ரம்ஷோ, படுக்கும் முன் சூத்தாறா. ஒரு நாளைக்கு ஏழு வேளை. உங்கள் அம்மச்சி முழுக்க நின்றுகொண்டே சொல்வாளே சந்தியா நமஸ்காரம், அதன் முழு உருவம் இதுதான். வீட்டில் நாம் சொல்வது அதில் ஒரு துண்டு. நான் வாலிபத்தில் அங்கே போயிருந்தபோது ஒரு வெள்ளைத்தாடிப் பெல்ஜியம்காரர் தரையில் நெற்றி முட்டக் கும்பிடுவதைப் பார்த்தேன். நாமோ நோன்புக்காலத்தில்கூட முட்டுவலி என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறோம்.

ஆச்சாரியா சுறியானி படித்து, பென்கீத்தோ என்கிற அந்தப் பெரிய ஜெபப் புத்தகத்தை ஆங்கிலத்தில் நான்கு தொகுதியாகக் கொண்டுவந்தார். ஞாயிறுக்கும் திருநாட்களுக்கும் உரிய ஜெபங்கள் அதில் இருக்கின்றன. நம் ஆட்களே அலமாரியில் பூட்டிவைத்திருந்ததை ஒரு சிஸ்டர்சியன் எடுத்துத் தூசு தட்டினார் என்று வைத்துக்கொள். பிறகு 1998-ல் அந்த ஆசிரமம் முறைப்படி அவருடைய பழைய டிராப்பிஸ்ட் சபையோடு சேர்ந்தது. சேர்ந்த பிறகும் மலங்கரை வழிபாட்டை விடவில்லை. அங்கே பீர் இல்லை, பால்தான். மாட்டுப் பண்ணை வைத்து, ஜெர்சி இனத்தோடு நாட்டு மாட்டைக் கலந்து வளர்த்தார்கள்.

சரி, உனக்கு வாகமண் தூரம். பெல்ஜியத்திலேயே ஒன்று இருக்கிறது. ஷெவ்தோன் என்று ஊர், நாமூர் பக்கம். சினே ஸ்டேஷனில் இறங்கி அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டும். 1925-ல் லாம்பர் போதுவான் என்ற பெனடிக்டின் அச்சன் ஆமே என்ற இடத்தில் தொடங்கி, 1939-ல் இங்கே மாறிய மடம். அதில் இரண்டு கோயில்கள். ஒன்றில் லத்தீன் முறை, மற்றதில் பைசாந்திய முறை, அதாவது கிரேக்கக் கிழக்கு முறை. ஒரே சமையல், ஒரே மடாதிபதி. மணி அடித்ததும் துறவிகளில் ஒரு பாதி அந்தக் கோயிலுக்கும் மறுபாதி இந்தக் கோயிலுக்கும் போகிறார்கள். நம் வீட்டில் நீயும் ஷைனியும் மாதிரி!

அந்த போதுவான் 1925-ல் ஆங்கிலிக்கன் சபையைப் பற்றி எழுதிய குறிப்பு ஒன்று, பெல்ஜியத்து மெர்சியே கர்தினால் அந்தச் சபையாரோடு நடத்திய பேச்சுவார்த்தையில் வாசிக்கப்பட்டது. இணையட்டும், ஆனால் கரைத்துவிட வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். அதைச் சொன்ன மனிதருக்கு ரோமில் நல்ல பேர் கிடைக்கவில்லை. தான் தொடங்கிய மடத்தைவிட்டே பல வருடம் ஒதுக்கி வைத்தார்கள். 1951-ல்தான் திரும்பினார். அந்தக் குறிப்பு வந்த அதே வருடங்களில்தான் இங்கே மார் இவானியோசும் கிட்டத்தட்ட அதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்களா என்பது வேறு பேச்சு. கேள்வி ஒன்றுதான்.

கரைந்துபோவது எப்படி நடக்கும் என்பதற்கு உன் ஆபீசில் இருக்கிற உக்ரைன் பையனிடம் கேள். அவர்களும் ரோமோடு இணைந்த கிழக்குச் சபைதான். அவர்களுடைய பசிலியன் துறவு சபையை 1882-ல் சீர்திருத்தும் வேலையை ரோம் இயேசு சபையாரிடம் கொடுத்தது. ஒழுங்கு வந்தது, படிப்பு வந்தது, பள்ளிக்கூடங்கள் வந்தன. துறவிகள் மட்டும் லத்தீன் சபைத் துறவிகள் மாதிரியே ஆகிக்கொண்டு போனார்கள். அந்த பசிலியன் சபையிலிருந்தே வந்த ஆயர் ஆந்திரேய் ஷெப்டிட்ஸ்கி, அது போதாது, பழைய மடவாழ்க்கை வேண்டும் என்று ஸ்டூடைட் துறவிகளை மறுபடி எழுப்பினார். அவர் தம்பி கிளிமென்டி அந்த மடத்துக்குத் தலைவரானார். நாசிகள் வந்தபோது அந்த மடங்களில் யூதப் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். 1946-ல் சோவியத் அரசின் கட்டாயத்தில் அந்த உக்ரைன் கத்தோலிக்க சபையையே இல்லாமல் ஆக்கினார்கள். கிளிமென்டி 1951-ல் விளாதிமிர் சிறையில் இறந்தார். ஒருவேளை அந்தப் பையனின் தாத்தா பாட்டிகளே ஒளித்து ஒளித்து ஜெபித்தவர்களாக இருக்கலாம். பசிலியர்களைக் குறைசொல்ல நான் ஆளில்லை, அவர்களிலும் சிறையில் செத்தவர்கள் உண்டு. ஆனால் வசதிக்காக ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று யோசித்த ஒருவர் அங்கே இருந்தார் என்பதைத்தான் சொல்கிறேன்.

நமக்கும் இது புதிதில்லை. 1599-ல் கேரளத்து உதயம்பேரூரில் போர்ச்சுக்கீசியர் நம் சுறியானிக் கிறிஸ்தவர்களை லத்தீன் வழிக்குத் திருப்பக் கூட்டிய சங்கத்திலிருந்து தொடங்கியது இந்த வழக்கு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் கிழக்குச் சபைகளுக்குத் தந்த ஆணை, உங்கள் முறையைக் காப்பது உங்கள் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்கிறது. நம் ஆட்கள் உரிமையை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஆயர் பட்டம் வரும்போது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். மாமோதீசா தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஷைனியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஷெவ்தோன் போய்வா. சாயங்கால ஜெபத்துக்கு அவள் லத்தீன் கோயிலில் உட்காரட்டும், நீ மற்றதில் நில். அடுத்த முறை மாறி உட்காருங்கள். பிள்ளை அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போ, துறவிகள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வேண்டுமானால் அங்கே சாம்பிராணி வாங்கிக்கொள், நம் ஆட்களுக்குப் பிடிக்கும்.

அதற்குப் பிறகு ஷைனியும் நீயும் ஒத்து, அவள் சபையிலேயே சேர்ப்போம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. அவள் அப்பாவிடம் நானே சந்தோஷமாகப் பேசுவேன். யாரும் ஒன்றும் யோசிக்காமல் கோயில் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நடந்தால்தான் மனசு கேட்காது. மலங்கரை முறை என்றால் முன்கூட்டிச் சொல், இங்கே பங்கு அச்சனிடம் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். ஐரோப்பாவில் நம் அச்சன்மார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றும் அவர் விசாரித்துச் சொல்வார்.

மழை விடவில்லை, ரப்பர் வெட்டு நின்றுபோய்க் கிடக்கிறது. அம்மா பிள்ளைக்கு என்ன பேர் முடிவானது என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா