ஆஸ்டரிஸ்க் பதிப்பு மாற்றம் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பெங்களூரில் கலாசிப்பாளையம், சிக்பேட்டை, அல்சூர் பகுதிகளில் எங்கள் பிபிஎக்ஸ் (அலுவலக உள்தொலைபேசி இணைப்பகம்) சேவையைப் பயன்படுத்திவரும் அன்பர்களுக்கு வணக்கம்.

அந்தச் சேவையை இயக்கும் மென்பொருளான ஆஸ்டரிஸ்க்கின் 18-ஆம் பதிப்பில் ஓடும் உங்கள் சர்வர்களை 22-ஆம் பதிப்புக்கு மாற்றத் தொடங்கியது முதல், "மென்பொருளோ இலவசம், நன்றாக ஓடுவதைக் கலைத்துவிட்டுக் காசு கேட்கிறார்கள்" என்ற பேச்சு கடைக்குக் கடை பரவி எங்கள் காதுக்கும் வந்துவிட்டது.

பதிப்புகளுக்குக் கெடு வைப்பவர்கள் நாங்கள் அல்லர். நீண்டகால ஆதரவு உள்ள ஆஸ்டரிஸ்க் பதிப்புக்கு நான்கு ஆண்டுகள் பிழைதிருத்தமும் அதன்பின் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தமும் கிடைக்கும். 2020 அக்டோபரில் வந்த 18-க்கு அந்தக் கெடு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இனி அதில் ஓட்டை தெரியவந்தால் அடைப்பாரில்லை. நள்ளிரவில் யாரோ உங்கள் இணைப்பில் புகுந்து வெளிநாடுகளுக்கு அழைத்தால், பில் உங்கள் பெயருக்குத்தான் வரும். 20-க்கு மாறினால் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். அதன் ஆயுள் 2027 அக்டோபர் வரைதான். 22-க்கோ 2029 அக்டோபர் வரை உண்டு.

'இலவசம்' என்ற சொல்தான் எங்களை உறுத்துகிறது. ஆஸ்டரிஸ்க்குக்காக உங்களிடம் ஒரு பைசாவும் நாங்கள் வாங்கியதில்லை. வாங்குவது வேலைக்கான கூலி. உங்கள் எக்ஸ்டென்ஷன்கள் (உள் எண்கள்) இதுவரை இயங்கிவந்த, போன்களைச் சர்வரோடு இணைக்கும் சான்-சிப் என்ற பகுதி 21-ஆம் பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டதால், ஒவ்வோர் எண்ணையும் அதன் இடத்துக்கு வந்த பிஜேசிப் முறைக்கு மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. முன்பு ஒரே பத்தியில் அடங்கிய ஓர் எண்ணின் விவரம் இப்போது எண்ட்பாயிண்ட் (போனின் அமைப்பு), ஆத் (பயனர்பெயர், கடவுச்சொல்), ஏஓஆர் (அழைப்பு போய்ச் சேரும் முகவரி) என்று மூன்றாகப் பிரிகிறது. ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் போன்களுக்கு 'நாட்' என்ற ஒற்றை வரி போதுமாக இருந்த இடத்தில் இப்போது மூன்று தனி அமைப்புகள். அவற்றில் ஒன்று விடுபட்டாலும் ஒருபக்கக் குரல் மட்டும் கேட்கலாம். மேக்ரோ என்ற பழைய கட்டளையை வைத்து எழுதிய டயல்பிளான்களும் (அழைப்பு எங்கே போக வேண்டும் என்ற விதிகள்) கோசப் என்ற கட்டளைக்கு மாற வேண்டும். மாற்றித் தரும் நிரல் ஒன்று ஆஸ்டரிஸ்க்குடனே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அது எழுதியதை வரிவரியாகச் சரிபார்ப்பது மனிதர்தான், அதுவும் உங்கள் கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் எங்களை விட்டு வேறு ஆளிடம் போகாமல், "நேரம் எடுத்துச் செய்யுங்கள்" என்று சொன்ன லாரி புக்கிங் அலுவலகத்தாருக்கும் ஜவுளிக் கடைக்காரர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏப்ரல் முதல் சிறு திருத்தம் உண்டு. விவரம் பில்லோடு வரும்.

உங்கள் முறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் எக்ஸ்டென்ஷன் பட்டியலைச் சரிபார்த்து அனுப்ப வேண்டுகிறோம். வேலையை விட்டுப் போனவர்களின் எண்கள் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன; அவற்றைப் புதிய சர்வருக்கு ஏற்ற வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உரிமையாளர்