துணியும் பொருளும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உடுப்பையும் அன்றாடப் பொருளையும் குறியீடாக்கும் நிகழ்த்துகலையை இவ்வாண்டுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டோம். 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி அரையாடையுடன் வெளியே வந்த ஊர் நம் மதுரை. அதைக் கலைநிகழ்ச்சி என்று சுருக்கக் கூடாது. ஆனால் கதர் வாங்க வழியில்லாதவர்களின் அளவுக்குத் தம் உடையைக் குறைத்ததால்தான் அந்தத் துணி பேசியது. விலையும் எடையும் குணமும் வேலை செய்யாத பொருள் மேடையில் வெறும் அலங்காரம் என்பதே நம் சங்கத்தின் கருத்து.

ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964-இல் கியோட்டோவில் நிகழ்த்திய ‘கட் பீஸ்’ பற்றி நிறையப் பேசினோம். அமர்ந்திருப்பவரின் உடையைப் பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து வெட்டி எடுத்துச் செல்வார்கள். இந்தப் பயிற்சிக்குப் பாலியஸ்டர் புடவை உதவாது. கத்தரி வாயில் வழுக்கும், வெட்டுபவர் பிடித்து இழுப்பார். பனியன் துணி ஓரம் சுருளும். கஞ்சி போட்ட கதரோ காடாத் துணியோ வெட்டுப்படும் ஓசை கடைசி வரிசைக்கும் கேட்கும். கத்தரி முனை உருண்டும் வாய் சாணை பிடித்தும் இருக்கட்டும். மழுங்கினால் தோலைக் கிள்ளும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற உரிமை அமர்ந்திருப்பவருக்கு உண்டு. அதை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் தம் படைப்புகளுக்குக் கொழுப்பைத் தேர்ந்தது, சூட்டில் இளகிக் குளிரில் இறுகும் என்பதால். நம் சித்திரை வெயிலில் வனஸ்பதி நிகழ்ச்சி தொடங்கும் முன்பே உருகிவிடும். உருகுவதுதான் நிகழ்வென்றால் நண்பகல் சரி; உருவம் நிற்க வேண்டுமென்றால் மார்கழி மாலை. எப்படியானாலும் விளிம்புள்ள தாம்பாளத்தில் வையுங்கள், தரையில் வழிந்தால் நடிப்பவர் வழுக்கி விழுவார்.

முடிச்சிட்டுச் சாயமேற்றும் மதுரைச் சுங்குடித் துணிதான் நமக்கு மிக நெருக்கமானது. சௌராஷ்டிர நெசவாளர்களின் கைவண்ணம். 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியை நகத்தால் கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்க்கிறார்கள். நூல் தளர்ந்தால் சாயம் உள்ளே புகுந்து புள்ளி மங்கும். ஈரத்தில் அவிழ்த்தாலும் அதே கதி. எனவே அவையின் முன் முடிச்சவிழ்க்கும் நிகழ்வுக்குத் துணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். துணியின் இரு பக்கத்தையும் பிடித்துச் சுண்டினால் முடிச்சுகள் படபடவெனத் தெறிக்கும், வெள்ளைப் புள்ளிகள் சுருக்கத்தோடு வெளிப்படும். பெண்கள் மணிக்கணக்கில் கட்டியது நொடியில் அவிழ்வதை எந்த வசனமும் இல்லாமல் அவை புரிந்துகொள்ளும். இதை நம் நிரந்தர நிகழ்ச்சியாக்கவும், கட்டித் தருபவர்களுக்கு முடிச்சுக்கூலியோடு மேடையில் பெயரும் வழங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தாக்கல் செய்வார்.

செயலாளர்
மதுரை