யோசுவாவுக்குப் பிறகு யார்? தலைமைப் பயிற்சி நிதிக்காக ஒரு வேண்டுகோள்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

நம் போதகர் திடீரென்று நோயுற்றுப் படுத்திருந்த அந்த 3 மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை யார் பிரசங்கம் செய்வது என்பதையே ஆராதனைக்குக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் முடிவு செய்தோம். வீட்டோடு இருக்கும் முதியவர்களில் யாரை எப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மாத உதவி பெறும் விதவைகள் யார் யார் என்பதும் அப்படித்தான். 2 குடும்பங்களுக்கு 2 மாதம் உதவி போய்ச் சேரவில்லை. அவர்களும் வாய் திறந்து கேட்கவில்லை. கர்த்தர் போதகரைச் சுகப்படுத்தினார், ஸ்தோத்திரம். ஆனால் அந்த 2 குடும்பங்களை நினைத்தால் தலைமைப் பயிற்சி நிதிக் குழுவில் இருக்கும் எங்களுக்கு இன்னும் மனம் வலிக்கிறது. எல்லாப் பாரத்தையும் ஒரே தோளில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தது நாம்தான்.

மோசேயும் இப்படித்தான் தனியாக நின்றார். காலை முதல் மாலை வரை மக்கள் அவரைச் சுற்றி நிற்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, இது நல்லதல்ல, நீரும் களைத்துப்போவீர், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்று நேராகவே சொன்னார். 1,000 பேருக்கு, 100 பேருக்கு, 50 பேருக்கு, 10 பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். அந்தக் கடைசி எண்தான் எங்களை யோசிக்க வைத்தது. 10 பேரை ஒருவர் கவனித்தால் யார் வீட்டில் காய்ச்சல், யார் வேலை இழந்திருக்கிறார், யார் 2 வாரமாக ஆராதனைக்கு வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த 2 வீடுகளும் விடுபட்டிருக்காது.

மோசே அதோடு நிறுத்தவில்லை. தனக்குப் பிறகு சபை மேய்ப்பன் இல்லாத மந்தையாகிவிடக் கூடாது என்று கர்த்தரிடம் மன்றாடினார். கர்த்தர் யோசுவாவைக் காட்டினார். அதற்கு வெகு முன்பே யோசுவா போர்க்களத்திலும் சீனாய் மலையிலும் மோசேயின் கூடவே இருந்து பழகியவர். சரி, யோசுவாவுக்குப் பிறகு யார்? வேதத்தில் ஒரு பெயரும் இல்லை. அவருக்குப் பின் உயிரோடிருந்த மூப்பர்களின் காலம் வரைக்கும் ஜனங்கள் கர்த்தரைச் சேவித்தார்கள். அப்புறம் கர்த்தரை அறியாத ஒரு சந்ததி எழும்பிற்று. நியாயாதிபதிகள் 2-ஆம் அதிகாரத்தைக் குழுவில் சேர்ந்து வாசித்த இரவு எங்களில் பலர் வெகு நேரம் பேசாமல் இருந்தோம்.

நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவர் சொல்லியிருக்க அடுத்த தலைவர்களுக்குப் பயிற்சி, அதற்கு நிதி என்று இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நேர்மையான கேள்வி. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவரும் அதே ஆண்டவர்தான். நெகேமியாவைப் பாருங்கள். பெர்சிய ராஜாவிடம் வேலை செய்த அவர், எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடப்பதைக் கேட்டது யூத நாட்காட்டியின் கிஸ்லேவு மாதத்தில், ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். இடையில் சுமார் 4 மாதம் உபவாசமும் ஜெபமும். ஆனால் ராஜா கேட்ட அன்று அவருடைய பதில் தயாராக இருந்தது: எத்தனை காலம் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வனக்காவலன் ஆசாப்பிடம் எதற்கெல்லாம் மரம் கேட்க வேண்டும். ஜெபித்த மனிதர் திட்டமும் போட்டிருந்தார். 52 நாளில் அலங்கம் கட்டி முடிந்தது. முடிந்ததும் நகரத்தை ஆனானியிடமும் அனனியாவிடமும் ஒப்படைத்தார். எங்களுக்கு அலங்கத்தைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நாங்கள் செய்ய நினைப்பது இது. சபையிலிருந்து ஆண்களும் பெண்களுமாக 12 பேரைத் தேர்ந்தெடுத்து 2 ஆண்டுகள் பயிற்சி கொடுக்க வேண்டும். மேடையில் பேசத் தெரிந்தவர்களையே தேட மாட்டோம்; நற்சாட்சி உள்ளவர்களா என்றுதான் பார்ப்போம். வேதபாடம், நோயாளிகளையும் துக்கத்தில் இருப்பவர்களையும் சந்திக்கும் முறை, குடும்பச் சண்டைகளில் பக்கம் சாயாமல் கேட்பது, கணக்கு எழுதுவது எல்லாம் இதில் உண்டு. ஒவ்வொருவரும் மூத்த விசுவாசி ஒருவரோடு இணைந்து வீடு வீடாகப் போவார். பயிற்சியில் பாதி அப்படித்தான் நடக்கும்.

நன்கொடை எதற்குச் செலவாகும்? கற்றுக்கொடுக்க வருபவர்களின் பயணம், தங்குமிடம், புத்தகங்கள். தினக்கூலிக்குப் போகிறவர்கள் பயிற்சி நாளில் இழக்கும் கூலியையும் நிதியிலிருந்தே கொடுப்போம். இதைக் குழுவில் ஒரு மனதாக முடிவு செய்தோம். வசதி உள்ளவர்கள் மட்டுமே தலைவர்களாக முடியும் என்ற நிலை கிறிஸ்துவின் சபையில் இருக்கவே கூடாது. செழிப்பான 7 வருஷங்களில் எகிப்தின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை யோசேப்பு சேர்த்து வைத்தது போல, வரும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைப்போம். இனி யார் படுக்கையில் விழுந்தாலும் விதவைகளின் உதவி நிற்காது.

பணத்தைக் கையாளும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம். யூதாவை ஆண்ட யோவாஸ் ராஜாவின் காலத்தில் ஆலயப் பெட்டியின் பணத்தை ராஜாவின் எழுத்தரும் பிரதான ஆசாரியனும் சேர்ந்தே எண்ணினார்கள். இங்கேயும் உறவினர் அல்லாத இருவர் சேர்ந்துதான் எண்ணுவார்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை வரவும் செலவும் அறிவிப்புப் பலகையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். இல்லாததைத் தேவன் கேட்பதில்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். கொடுத்தவர் பெயரையும் தொகையையும் எங்கும் வாசிக்க மாட்டோம். பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் நேரத்தைக் கொடுங்கள்: கணக்கு தெரிந்தவர்கள், செவிலியராக வேலை செய்தவர்கள், ஆசிரியர்கள், எங்களுக்கு எல்லாரும் வேண்டும். ஆசரிப்புக் கூடாரத்துக்குப் போதுமானது சேர்ந்ததும் இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச் செய்தார். தேவையான தொகை சேர்ந்த வாரமே நாங்களும் ஆராதனையில் அறிவித்து வசூலை நிறுத்திவிடுவோம்.

ஆராதனை முடிந்ததும் வாசல் அருகே குழுவினர் இருப்பார்கள். நன்கொடையைக் கொடுத்து ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு ஏற்றவர் என்று உங்களுக்குத் தோன்றும் ஒருவரின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
தலைமைப் பயிற்சி நிதிக் குழுவினர்