செயலாளரின் ஆண்டறிக்கை: இல்லங்களின் பதிவும் இரவுப் பராமரிப்பும்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெற்றோர், காப்பாளர், இல்ல நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிப் பார்க்கலாம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் தங்கும் இல்லங்களின் பதிவு பற்றித்தான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி. சங்கத்துக்கு வரும் கேள்விகளும் அதைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் வாசல் பலகை. ‘அரசு பதிவு பெற்றது’ என்று எழுதிப் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்தால் பெற்றோருக்கு மனம் ஆறிவிடுகிறது. விசாரித்தால் அது அறக்கட்டளைப் பத்திரத்தின் எண்ணாகவோ, 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் வாங்கிய எண்ணாகவோ, வருமான வரிச் சலுகை எண்ணாகவோ இருக்கும். அமைப்பு என்று ஒன்று உண்டு என்பதற்குத்தான் இவை சான்று. ஆட்களைத் தங்கவைக்க இவை அனுமதி ஆகா. அதற்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 50ஆம் பிரிவின்படி தனிப் பதிவுச் சான்று வேண்டும். அந்தச் சான்றை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். எனவே ‘பீரோவில் இருக்கிறது’ என்ற பதிலை ஏற்காதீர்கள். சான்றில் முகவரியையும் முடியும் தேதியையும் படியுங்கள். பழைய கட்டடத்துக்கு வாங்கிய சான்றைப் புதுக் கட்டடச் சுவரில் மாட்டுவது பார்க்கச் சின்னக் குறைதான், ஆய்வில் அதுவே பெரிதாகும்.

அடுத்த குழப்பம், எந்தச் சட்டத்துச் சான்று என்பது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லத்துக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 41ஆம் பிரிவுப் பதிவு தேவை. அதன் காலம் 5 ஆண்டு. பையனுக்கு 18 முடிந்த மறுநாள் அந்தப் பதிவு அவனுக்குச் செல்லாது. அதே அறை, அதே கட்டில், ஆனால் சட்டம் வேறு. பெரியவர்களுக்கான பதிவு இல்லாத இல்லம் அவனை என்ன செய்யப் போகிறது என்பதை 16 வயதிலேயே கேட்டு வையுங்கள். மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம், 2017 தன் வரையறையிலேயே அறிவுசார் குறைபாட்டை மனநோயிலிருந்து பிரித்துவிட்டது. மனநோயாளிகளுக்கான உரிமத்தைக் காட்டி நம் பிள்ளைகளைச் சேர்ப்பதும், நம் பதிவைக் காட்டி அவர்களைச் சேர்ப்பதும் இரண்டுமே தவறு.

50ஆம் பிரிவுப் பதிவுக்கான விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகப் போகிறது. விண்ணப்பம் சேர்ந்த 90 நாளுக்குள் சான்று தர வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். மறுப்பதாக இருந்தால் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தந்து, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீடும் உண்டு. ஆகவே தேதி முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அது கையில் இல்லையென்றால் 90 நாளை எங்கிருந்து எண்ணுவது? புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் காலம் முடிய 60 நாளுக்குக் குறையாமல் முன்னதாகக் கொடுக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த தடவைகளில் அது 50,000இல் தொடங்கி 5 லட்சம் வரை போகும்.

விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் பெயராலும் தேதியாலும்தான். பத்திரத்தில் ஒரு பெயர், பான் கார்டில் ஒரு பெயர், வாடகை ஒப்பந்தத்தில் நிர்வாகியின் சொந்தப் பெயர். வாடகை ஒப்பந்தமும் 11 மாதத்துக்கு எழுதியதாக இருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் போய், வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் தங்கியிருப்பவர்களை எங்கே கொண்டுபோவது? 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததும் இங்கே சேர்ந்துகொள்கிறது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கத்து இல்லங்களுக்கு இப்போது ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். பழைய லெட்டர்பேடில் ‘வேலூர் மாவட்டம்’ என்றே அச்சடித்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கு அலைவது வீண்.

கட்டடத்துக்குத் தாசில்தாரின் பொதுக் கட்டட உரிமம், பொறியாளரின் உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று கேட்பார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் காலாவதியாகும். நான்கையும் ஒரே தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுவதே நல்ல வழி, ஃபைலில் வைத்தால் மறந்துபோகும். இந்தக் கெடுபிடி சும்மா வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கொட்டகைத் தீயில் கருகினார்கள். வெளிப்பூட்டு போட்ட படுக்கை அறை எங்கே இருந்தாலும், எத்தனை சான்று மாட்டியிருந்தாலும், அந்த இல்லம் வேண்டாம் என்பதே இந்தச் சங்கத்தின் நிலை.

சாய்தளம் 1க்கு 12 இருக்க வேண்டும். மழைத்தண்ணீர் ஏறக்கூடாது என்று நம் ஊரில் தரையை உயர்த்திக் கட்டுவார்கள். 18 அங்குல உயரத்துக்கு 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். தெருவோரம் 6 அடிதான் இருக்கிறது என்று செங்குத்தாகப் பூசிவிட்டால் சக்கர நாற்காலி பின்னால் கவிழும். இடம் இல்லாவிட்டால் பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம். குளியலறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கும்படி இருக்கட்டும், உள்ளே வலிப்பு வந்தால் கதவை உடைக்க நேரம் இருக்காது.

ஆய்வுக்கு வருபவர்கள் பகலில் வருகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இரவைப் பற்றி: பத்து மணிக்கு மேல் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? ஆயா அதே அறையில் தூங்குவது இரவுப் பணியில் சேராது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரம் பார்த்து, 5 நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிட வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. சாவிக் கொத்தைக் கையில் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மாத்திரைப் பெட்டியில் பெயரோடு புகைப்படமும் இருக்க வேண்டும், புது ஆயாவுக்கு முகம்தான் தெரியும், பெயர் தெரியாது. கொடுத்ததும் கையெழுத்து. மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்ட கையெழுத்துகள் ஒரே பேனா மையில் வரிசையாக இருக்கும், பார்த்தாலே தெரியும். விழுங்கச் சிரமப்படுபவர்களை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, அரைமணி நேரம் படுக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோறு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரை அறை தாங்காது. வலிப்பு, மனநல மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைக்கும், தாகம் என்று சொல்லத் தெரியாதவர்களும் உண்டு. கேட்டால் கொடுப்போம் என்று இருக்காமல், நேரம் வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

காப்பாளர் நியமனத்தில் இன்னும் தயக்கம் தெரிகிறது. ‘பெற்றவர்களுக்கு எதற்குச் சான்று?’ என்று கேட்கிறார்கள். மகளுக்கு 18 முடிந்தால் சட்டம் அவளைப் பெரியவளாகத்தான் பார்க்கும், பெற்றவர்கள் தாமாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் மாவட்ட அளவிலான குழுவிடம் மனு செய்ய வேண்டும். நியமனமான 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கையும் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள் பலர். இல்லத்தில் சேர்க்கும்போதோ, குடும்ப ஓய்வூதியத்துக்கோ அந்தச் சான்றைக் கேட்கும்போதுதான் ஓடுகிறார்கள். தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை, வயது வரம்பு கிடையாது, முன்பரிசோதனையும் கிடையாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31உடன் முடிந்துவிடும்.

காப்பாளர் சான்றின் நகலை இன்னும் தராத உறுப்பினர்கள் கூட்டம் கலைவதற்குள் தந்துவிடவும். ஜெராக்ஸ் எடுக்க எதிர்க் கடையில் சொல்லி வைத்திருக்கிறது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
வேலூர்